வண்டி சரியானதும் போயிடலாம்

மே மாதத்து மத்தியானத்தில், கல்கத்தாவில், காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். ஏசி இல்லை, ஹீட்டர். பார்க் சர்க்கஸ் பக்கம் நெரிசலில் மாட்டி நின்றுகொண்டிருந்தோம். எங்கள் காரின் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. என் கணவர் டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு எதையோ இழுத்தார். குப்பென்று என் முழங்காலில் அனல் அடித்தது.

"இன்ஜின் சூட்டை நாம உள்ள இழுத்துக்கிட்டா இன்ஜின் தப்பிச்சிடும்" என்றார்.

"அப்ப நானு?"

அவர் முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது. எனக்குத்தான் மயக்கம் வந்துவிடும்போல இருந்தது. பக்கத்து டாக்ஸியிலிருந்து ஒருவர் செல்போனை நீட்டி எங்கள் வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் வேர்த்து வழிந்துகொண்டு உர்ரென்று ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாள். அது நான்தான்.

இந்த வண்டியைப் பார்த்து "ஆகா" என்பவர்கள் எல்லோருமே வெளியே நின்று பார்த்தவர்கள். உள்ளே உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். மொத்தமே இரண்டு சீட்டு. பின்னால் ஒரு காய்கறிப் பை வைக்க இடம் உண்டு. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். துணிக்கூரை, வட்ட வட்ட மீட்டர்கள், தரையோடு ஒட்டிய உயரம். ஏறுவதற்குப் பதில் இறங்க வேண்டும், இறங்குவதற்குப் பதில் ஏற வேண்டும். என் இடுப்பு வலிக்கு இதைவிடப் பொருத்தமான வாகனத்தைத் தேடித்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அவர் துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்தார். எனக்கு மத்திய அரசு ஆபீஸ் வேலை. மூன்று வருஷம் என்று சொல்லி மாற்றலில் வந்து, வாழ்க்கை முழுவதும் இங்கேயே போய்விட்டது. பெண் இங்கேயே பிறந்து வளர்ந்து, கடைசியில் அவள்தான் கோயமுத்தூரில் வேலை கிடைத்துப் போனாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறாள். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எங்களுக்கு ஒரு ஃபிளாட் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறோம். இரண்டு பேரும் ரிட்டயர் ஆனதும் அங்கே போய்விடுவது என்று முடிவு. அந்த நாளுக்காகத்தான் நான் கடைசி சில வருஷங்கள் ஆபீஸ் போனேன் என்று சொன்னால் மிகையில்லை.

நான் முதலில் ரிட்டயர் ஆனேன். அவரும் ரிட்டயர் ஆன மறு மாதம், பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் கொட்டகையிலிருந்து இந்த வண்டி வந்தது. இடித்துக் கட்டப்போகிற வீடு. வாரிசுகளுக்கு வண்டி ஒரு தொந்தரவு. இவர் அதைச் சின்ன வயதில் ஏதோ பத்திரிகைப் படத்தில் பார்த்தவராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், கேட்டார். வாங்கிய பிறகு கேட்டார். கராஜில் ஒரு வண்டிக்குத்தான் இடம் என்பதால், சால்ட் லேக் வீட்டிலிருந்து டல்ஹவுசி ஆபீஸ் வரைக்கும் நான் வருஷக்கணக்கில் ஓட்டிய என் சின்ன மாருதி விற்கப்பட்டது. இப்போதும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

"இத ரெடி பண்ணி, ரெண்டு பேரும் இதுலயே கோயமுத்தூர் போறோம்" என்றார். "ஒடிசா, ஆந்திரா, கடலோரமாவே. நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்து வா. அவ்வளவுதான் எனக்கு வேணும். வண்டி சரியானதும் போயிடலாம்."

ஒரு மனுஷன் வாழ்க்கை முழுக்க எதையும் கேட்டதில்லை. ஒரே ஒரு ஆசை. சரி என்றேன். எத்தனை நாளாகும் என்றேன். ஒரு மாசம் என்றார்.

நான் ஊர் போய்ச் சேருவது அந்த வண்டியின் கையில் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் முதலில் பெட்ரோல் டேங்கைத் திறந்து பார்க்க வேண்டுமாம். இதை எங்களுக்கு வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். முதல் நாள் வீட்டுக்கு வரும் வழியில் பைபாஸில் நின்றது. பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினால் கிளம்பும், கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த டேங்குக்குள் துரு பொரிந்து, பெட்ரோலோடு வந்து குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. டேங்கைக் கழற்றி, உள்ளே ஜல்லியைப் போட்டுக் குலுக்கிக் கழுவினார்கள். குலுக்கியதில் துரு போயிற்று, துரு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டைகளெல்லாம் திறந்துகொண்டன. டேங்கே ஒழுகியது. புது டேங்க் ஹவுராவில் ஒரு பட்டறையில் தகரத்தை வளைத்துச் செய்து வந்தது. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

மழையில் கூரை ஒழுகும் என்று தெரியும். தரையிலிருந்தும் தண்ணீர் வரும் என்று தெரியாது. சால்ட் லேக் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு நாள், கராஜைத் திறந்தால் வண்டிக்குள் என் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. சீட்டுகளைக் கழற்றி வீட்டுக்குள் ஃபேனுக்கடியில் காயப்போட்டார். என் ஹாலில் இரண்டு கார் சீட்டுகள் மாதக்கணக்கில் கிடந்தன. வந்தவர்கள் சோபாவை விட்டுவிட்டு அதில்தான் உட்கார்ந்தார்கள்.

அப்புறம் கரண்ட். இடப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஹார்ன் தானாக அடிக்கும். கல்கத்தாவில் அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் டார்ச் பிடிக்க, இவர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்ப்பார்.

"டார்ச்சை அங்க காட்டு."

"எங்கங்க?"

"நான் பாக்கற எடத்துல."

"நீங்க எங்க பாக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க கண்ணுக்குள்ளயா நான் உக்காந்திருக்கேன்?"

"சரி, காட்டாத போ. போய் சீரியல் பாரு."

முப்பது வருஷத்துக்கு மேல் சண்டை போடாமல் குடித்தனம் பண்ணினவர்களுக்கு ஒரு டார்ச் லைட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எங்கேயோ ஒரு எர்த் ஒயர் துருவேறிக் கிடந்ததாம். அதைச் சுரண்டி இறுக்கியதும் ஹார்ன் அடங்கியது, ஹெட்லைட் எரிந்தது, இத்தனை நாளாகச் செத்துக்கிடந்த கடிகாரம்கூட ஓட ஆரம்பித்தது. பழைய வண்டியில் கரண்ட் கோளாறு எதுவானாலும் முதலில் எர்த்தைப் பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்கே தெரியும். எதற்கு எனக்கு இது தெரிய வேண்டும், சொல்லுங்கள்.

மெக்கானிக் மிஸ்திரி ஒருவர் இருந்தார். உல்டாடாங்கா பக்கம் பட்டறை. எதைக் கேட்டாலும் "கால் ஹோயே ஜாபே, காகு" என்பார். நாளைக்கு ஆகிவிடும், சித்தப்பா என்று அர்த்தம். அவருடைய நாளை என்பது எங்கள் காலண்டரில் இல்லாத தேதி. இதில் செப்டம்பர் வந்தால் விஸ்வகர்மா பூஜை. பட்டறையில் ஒருவரும் ஸ்பேனரைத் தொடமாட்டார்கள். சரி, ஒரு நாள்தானே என்றால், அதைத் தொட்டுக்கொண்டு துர்கா பூஜை வந்துவிடும். அப்புறம் லக்ஷ்மி பூஜை, காளி பூஜை. நடுவில் எங்கள் வீட்டு ஆயுத பூஜை வேறு. யந்திரத்தை இப்படி மாறி மாறிக் கும்பிடுகிற ஊரில் எங்கள் யந்திரம் மட்டும் ஓடவே இல்லை.

ஆயுத பூஜை விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு. துறைமுகத்தில் இருந்தபோதும் சரி, இப்போதும் சரி, எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, நவமியன்று மணையில் வைத்தாக வேண்டும். வைத்ததைத் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுத்து, அன்றைக்கே கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டும். முதல் வருஷம் காரையே மணையில் வைக்க முடியாது என்பதால், அதிலிருந்து என்னென்ன கழற்ற முடியுமோ கழற்றி வந்துவிட்டார். நான் காலையிலேயே லேக் மார்க்கெட் போய் வாழை இலையும் பொரியும் கடலையும் வாங்கி, திரும்பும்போது மெட்ரோவில் கும்பலில் நசுங்கி வந்திருந்தேன். "இதெல்லாம் தொடச்சு வை" என்று ஒரு தாம்பாளம் நிறைய கருப்பு கருப்பாகக் கொண்டுவந்து வைத்தார்.

அதில் நாலு தடித்த ஒயர்கள் இருந்தன. இன்ஜினில் டிஸ்டிரிபியூட்டர் என்று ஒரு கருப்பு மூடியிலிருந்து நாலு பிளக்குக்கும் பொறி கொண்டுபோகிறவை. எந்த ஒயர் எந்த பிளக்குக்கு என்று ஒரு முறை உண்டாம். எனக்கென்ன தெரியும்? நாலும் நாலு நீளம். துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசையாக, லட்சணமாக இலையில் அடுக்கினேன். மறுநாள் காலையில் அவர், தான் கழற்றிய வரிசையிலேயே நான் வைத்திருப்பேன் என்று நினைத்து, இலையில் இருந்தபடியே ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார்.

சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு தரம் உறுமி, பின்னால் டமார் என்று வெடித்தது. மறுபடி திருப்பினார். டமார். கராஜ் முழுக்கப் புகை. மாடி வீட்டு வங்காளி லுங்கியோடு ஓடிவந்து, "காளி பூஜோ தோ தேரி ஆச்சே!" என்றார். காளி பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் பட்டாசா என்று கேட்கிறார். என் கணவர் அன்று முழுவதும் கார்புரேட்டரைக் கழற்றினார், பெட்ரோலை மாற்றினார், பிளக்குகளைச் சுட்டெடுத்தார். விஜயதசமியன்று எடுத்துவைத்த வண்டி ஓடாவிட்டால் வருஷம் முழுக்க ஓடாது என்று முகம் செத்துப்போய்விட்டது. சாயங்காலம் நான் சுண்டல் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நல்லா அளவு பாத்து அடுக்கினேனே, அப்பறமும் ஏன் ஓடலை?" என்று கேட்டேன்.

"என்ன அளவு?"

"நீளம்தான். சின்னது, பெரிசு, பெரிசு..."

அவர் சுண்டலை வாயில் போட்டபடி என்னையே பார்த்தார். அடுத்த பத்து நிமிஷத்தில் வண்டி அழகாக ஓடியது. நான் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இந்த வண்டி வந்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

குளிர்காலத்தில் எல்லாம் கூடிவந்தது. ரேடியேட்டரை மாற்றியதில் சூடு அடங்கியது. கூரைக்குப் புதுத் துணி. பிரேக் பிடித்தது. "பொங்கல் முடிஞ்சதும் கெளம்பறோம்" என்றார். நான் அட்டைப்பெட்டிகள் வாங்கிப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தேன். பெண்ணுக்குச் சொன்னோம். அவள் குழந்தையின் கையைப் பிடித்து போனில் டாட்டா காட்டவைத்தாள்.

பொங்கலன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் சொன்னார், "ஸ்டியரிங் ஆடுது."

"ஆடுதுன்னா?"

"கையில நடுக்கம் குடுக்குது. இதோட நெடுஞ்சாலைல போக முடியாது. சின்ன விஷயம்தான். வண்டி சரியானதும் போயிடலாம்."

ஸ்டியரிங் ஆடினால் முதலில் டயரைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். நாலு டயரும் புதிது போட்டார்கள். சக்கரங்களைச் சுழற்றி ஈயத்துண்டு ஒட்டி எடை சரிபார்த்தார்கள். ஆடியது. அடுத்தது, சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் சேர்க்கிற மூட்டுகள். மல்லிக் பஜாரில் பழைய பார்ட்ஸ் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைக்காததை ஹவுராவில் லேத்தில் கடைந்து வாங்கினார். ஃபெர்ரியில் அவரோடு நானும் போனேன், மடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரும்போடு. ஆடியது. "நின்னாலும் ஆடுது" என்றார் ஒரு நாள். நிற்கும்போது ஆடினால் அது இன்ஜினைத் தாங்குகிற ரப்பர்கள் என்று ஒரு கணக்கு. அவற்றையும் மாற்றினார்கள். ஆடியது.

மிஸ்திரி ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிச்சு நேய், காகு" என்றார். ஒன்றுமில்லை என்று. இவருக்கு வந்ததே கோபம். "ஒன்றுமில்லையா? என் கை என்ன பொய் சொல்கிறதா?" என்று இந்தியில் கத்தினார். வீட்டுக்கு வந்து என்னிடம், "அவனுக்குத் தெரியலை. ஸ்பேனர் பிடிச்சுப் பிடிச்சு மரத்துப்போன கை" என்றார். வேறு மிஸ்திரி. அவரும் ஒன்றுமில்லை என்றார். எல்லாரும் திருட்டுப் பசங்க என்றார் இவர்.

இன்னொரு மே போயிற்று. இன்னொரு மழை. கட்டிய பெட்டிகளில் இரண்டை அவிழ்த்துக் குக்கரையும் தோசைக்கல்லையும் திரும்ப எடுத்தேன். மீதிப் பெட்டிகளின் மேல் அவருடைய ஸ்பேனர்கள் கிடந்தன. பெண் போன் பண்ணும்போதெல்லாம் தமிழில் ஆரம்பித்து, முடிக்கும்போது, "மா, கொபே ஆஷ்பே?" என்பாள். எப்போ வருவே என்று. அழுகை வந்தால் அவளுக்கு வங்காளிதான் வரும். எனக்கு அலுத்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பெல்லாம் அலுத்துவிட்டது. வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாம் ரயிலில் போவோம் என்றேன். "அப்ப எதுக்கு இந்த வண்டி?" என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவர் எதையும் கழற்றவில்லை. சாவியை மட்டும் மணையில் வைத்தார். விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிய பிறகு சொன்னார், "நீ ஓட்டு. நான் ரோட்டோரமா நின்னு சக்கரத்தப் பாக்கறேன். ஆடறது வெளியேருந்து பாத்தாத் தெரியும். அந்தப் பசங்களை நம்பி இனி ஆகாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? இதையா?"

"உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே."

இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் அது அவருக்கு ஞாபகம் வந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. நாள் கிழமையில் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

பூஜை நாட்களில் சால்ட் லேக்கின் தெருக்களில் பந்தலைக் கட்டி, மூங்கில் நட்டு, ஒரு வண்டி போக முடியாது. ஆனால் செக்டார் ஃபைவ் காலியாக இருக்கும். கம்பெனிகள் எல்லாம் மூடி, மற்ற நாளில் ஷேர் ஆட்டோவுக்கு அடித்துக்கொள்கிற இடத்தில் ஒரு நாய் நடு ரோட்டில் படுத்திருந்தது. தூரத்தில் எங்கோ டாக் மேளம் அடித்தார்கள். அம்மனை இன்றைக்குத் தண்ணீரில் விடுகிற நாள். அதுவரை அவர்தான் ஓட்டிவந்தார், மெதுவாக, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மூடிய ஆபீஸ் ஒன்றின் முன்னால் இறங்கி, பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"முதல்ல முப்பதுல வா. திரும்பி அம்பதுல வா. ரெண்டாவது கியர் அடம் பிடிக்கும், மெதுவாப் போடு."

முப்பதில் போனேன். ஸ்டியரிங் சும்மா இருந்தது. எங்கே ஆடப்போகிறதோ என்று நான் உள்ளங்கையில் வேர்க்க வேர்க்கக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. பிடியைத் தளர்த்தினேன். விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு போனேன். வண்டி கோடு போட்டமாதிரி நேராகப் போயிற்று. கோடியில் திருப்பிக்கொண்டு, ஐம்பதில் வந்தேன், அவரைத் தாண்டிப் போனேன், மறுபடி திருப்பி, யாரும் சொல்லாமல், அறுபதுக்கு மேல் அழுத்தினேன். காற்று புடவைத் தலைப்பைப் பிடித்துத் தூக்கியது. இன்ஜின் சத்தம் முதுகுக்குள் ஏறியது. இந்தச் சனியன் இப்படியெல்லாம் ஓடுமா என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஸ்டியரிங் மட்டும் ஆடவே இல்லை. நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கையை வைத்துப் பார்த்தேன். நின்றாலும் ஆடவில்லை.

தூரத்தில் அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வலது கையை இடது கையால் பிடித்து வயிற்றோடு அழுத்தி வைத்திருந்தார். ஏன் அப்படி நிற்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நாளாக டீயைப் பாதி டம்ளர் போதும் என்கிறார். வீட்டில் ஷேவ் பண்ணுவதை விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறார். பட்டன் சட்டையே போடுவதில்லை, புழுக்கம் என்று டீ ஷர்ட்தான். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டியைத் திட்டுகிற மும்முரத்தில் இருந்தேன்.

ஐயோ கடவுளே, டயரை மாற்றி, மூட்டை மாற்றி, ரப்பரை மாற்றி, கடைசியில் இதுவா என்று இருந்தது.

நான் அவரிடம் போய்ச் சேர அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் இரண்டும் நினைத்தேன். ஆடவில்லை என்று சொன்னால் அடுத்த வாரமே கோயமுத்தூர் கிளம்பலாம், நான் ஆசைப்பட்டபடி. ஆமாங்க, ஆடுது என்று ஒரு வார்த்தை சொன்னால், அவர் நாளைக்கு இன்னொரு மிஸ்திரியைத் தேடிப் போவார், இன்னொரு பார்ட்டைத் தேடி ஹவுரா போவார், வண்டிதான் கோளாறு என்று நிம்மதியாகத் தூங்குவார். இத்தனை நாள் ஊர் போக வேண்டும் என்று அவர் உயிரை எடுத்தவள், அந்த அரை நிமிஷத்தில், போகாவிட்டால் தொலைகிறது, ஆடுது என்று சொல்லிவிடலாமா என்றுதான் பார்த்தேன்.

நிறுத்தினேன். அவர் குனிந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடலைங்க" என்றேன்.

"தெரியும். சக்கரமும் ஆடலை. பாத்தேன்."

"எப்பலேருந்து?"

"பொங்கல்லேருந்து. முதல்ல வண்டின்னுதான் நெனச்சேன். சத்தியமா வண்டின்னுதான் நெனச்சேன்." பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்பறம், வண்டியா இருக்கட்டும்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். "வாயில என்ன கொழுக்கட்டையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? டாக்டரைப் பாக்க வேண்டாமா? இத்தனை மாசம்! ஒரு டயரு விடாம மாத்தினீங்களே!" என்று நடு ரோட்டில் கத்தினேன். நாய் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்தது.

"டாக்டர் என்ன பார்ட்ட மாத்துவான்?" என்றார்.

"மாத்தறானோ இல்லையோ, நாளைக்குப் போறோம்."

"நாளைக்கு ஒருத்தனும் இருக்கமாட்டான். பூஜை லீவு."

"இருக்கறவனைப் பாப்போம். ஏறுங்க."

அவர் சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்கத்துக் கதவைத் திறந்து, என் சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். இறங்கும்போது, "அப்பா, இவ்வளவு தாழ்வா இருக்கா இது" என்றார். இத்தனை நாளும் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அது அங்கேயும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் அதைப் பார்க்கிறேன் என்று தெரிந்தும் மறைக்கவில்லை.

கியரைப் போட்டேன். அது அடம் பிடிக்காமல் விழுந்தது.

கொஞ்ச தூரம் போனதும், முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார், "எப்படி இருந்துச்சு? ஓட்டறதுக்கு."

இந்த வண்டியைப் பற்றி நான் ஒரு நாள்கூட நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லாமல் இருந்திருக்கலாம். சுமார்தான், சத்தம் ஜாஸ்தி, இடுப்பு போச்சு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அதுதான் அவருக்கு நல்லதோ என்றும் தோன்றியது. ஆனால் அவர் கேட்ட விதத்தில் பொய் சொல்ல வரவில்லை.

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு. சொன்ன பேச்சு கேக்குது. கைய விட்டாலும் நேராப் போகுது."

"அப்படியா" என்றார். ஒரு சிரிப்புகூட வந்தது அவருக்கு. "எனக்கு ஒரு நாள்கூட அப்படி ஓடலை."